வங்கியோடு வரும் வீட்டுக் காப்புறுதி: மட்டக்களப்பு மாரிக்குத் தாங்குமா?

வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கி எடுத்துத் தரும் பொலிசியைப் பலரும் அலுமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அதன் பெயர் தீக் காப்புறுதி. பெயருக்கு ஏற்றபடி அடிப்படையில் தீயும் மின்னலும்தான் அதற்குள் அடங்கும். புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் மேலதிகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட ஊரில், பொலிசியின் அட்டவணையில் ‘வெள்ளம்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் கையொப்பம் வைப்பது வீண்வேலை.

அதைவிடப் பெரிய ஓட்டை தொகையில் இருக்கிறது. வங்கிக்குத் தன் கடன் திரும்பி வந்தால் போதும். ஆகவே கடன் தொகைக்கு மட்டுமே காப்புறுதி போடப்படுவதுண்டு. இன்றைய கூலிக்கும் சீமெந்து விலைக்கும் வீட்டைத் திரும்பக் கட்ட 120 லட்சம் வேண்டும், பொலிசியில் இருப்பதோ 60 லட்சம் என்று வையுங்கள். கல்லடியில் காற்று கூரையைத் தூக்கி 8 லட்சம் சேதமானால் 8 லட்சம் வராது. பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று சராசரி விதிப்படி 4 லட்சமாக்குவார்கள். அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கான ‘எக்ஸஸ்’ என்று 10 வீதம் கழித்தால் மிச்சம் 3 லட்சத்து 60 ஆயிரம். கடன் பாக்கி இருந்தால் காசோலை முதலில் வங்கியின் பெயருக்கே போகும். காணி விலையைச் சேர்த்துத் தொகையைக் கூட்டுவதிலும் பயனில்லை, காணியை வெள்ளம் கொண்டுபோகாது. கட்டடச் செலவை மட்டும் கணக்குப் பார்த்து, வருடா வருடம் புதுப்பிக்கும்போது உயர்த்துங்கள்.

வீட்டுச் சாமான் தனிக் கணக்கு. பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், தளபாடம் எல்லாவற்றையும் பட்டியலிட்டுச் சேர்க்காவிட்டால் சுவருக்கு மட்டும்தான் காசு. மதிலும் கேற்றும் பல பொலிசிகளில் புயல் சேதத்துக்குள் வராது. சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இழப்பீடு மறுக்கப்படும் இடங்களும் தெரிந்தவைதான். காற்று கூரை ஓடுகளையோ சீற்றையோ பெயர்த்து அதன் வழியே மழை இறங்கினால் ஏற்பார்கள். பழைய வெடிப்பால் ஒழுகினால் பராமரிப்புக் குறை என்று தள்ளுவார்கள். வாவியோரத்து மணல் நிலத்தில் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வீட்டுத் தரை பெயர்வதிலும் இதே தகராறு வரும். வாசலால் புகுந்த வெள்ளமா, ஊறலா என்பதைச் சுவரில் பதிந்த நீர்க்கோடுதான் காட்டிக்கொடுக்கும். சுண்ணாம்பு பூச முன் அளவுகோலை வைத்து அதைப் படம் எடுங்கள்.

சேதம் நடந்தவுடன் காப்புறுதிக் கம்பனியின் கிளைக்குத் தொலைபேசியில் சொல்லி, பிறகு எழுத்திலும் கொடுங்கள். கிராம சேவையாளரின் கடிதம், மேசனின் எழுத்து மூல மதிப்பீடு, திகதியுள்ள படங்கள் தேவைப்படும். நனைந்த மெத்தையை மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எறிய வேண்டாம். தற்காலிகமாகத் தறப்பாள் கட்டலாம், பற்றுச்சீட்டு கையில் இருக்கட்டும். கொடுத்த தொகை நியாயமில்லை என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். கிடைத்த தொகை ‘முழுமையானதும் இறுதியானதும்’ என்று ஏற்கும் தாளில் ஒப்பமிட்ட பிறகு போனால் வழக்கு பலவீனம்.

மொத்தத்தில், வெள்ளம் சேர்த்து, முழுக் கட்டடச் செலவுக்குப் போட்டால் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை வீடுகளுக்கு இது வாங்கத் தகுந்த பொருள். வங்கி நீட்டியபடியே எடுத்தால் அரைகுறை. ஆவணி, புரட்டாசியிலேயே திருத்திக்கொள்ளுங்கள். தாழமுக்கம் என்று வானொலி சொன்ன பிறகு வெள்ளத்தைச் சேர்க்கக் கேட்டால் கையை விரிப்பார்கள்.