ஆடுதுறை பாட்டு வகுப்பு: ஒன்றே முக்கால் வருஷம் போய் வந்தபின் எழுதுகிறேன்

ஞாயிறு தவறாமல் காலையில் கும்பகோணத்திலிருந்து ஆடுதுறைக்கு பஸ் ஏறுகிறேன், பாட்டு கற்றுக்கொள்ள. இங்கேயே தெருவுக்கு ஒரு பாட்டு கிளாஸ் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்கிறவர்கள் நிறைய பேர். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு வருஷம் படித்தேன், பேர் வேண்டாம். மூன்றே மாதத்தில் மேடையில் பாடலாம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். இருபது பேருக்கும் ஒரே சுருதி (பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் ஒலி), ஐந்தரைக் கட்டை என்கிற உயரத்தில். சரளி வரிசை என்கிற ஆரம்ப ஸ்வரப் பயிற்சி பத்து நாளில் முடிந்தது, கீதம் என்கிற சின்னப் பாட்டுகள் ஒரு மாதம், அப்புறம் நேரே கீர்த்தனை. நவராத்திரிக்கு நாலு வீட்டுக் கொலுவில் பாடினேன், நன்றாக இருக்கிறது என்று சுண்டலும் கொடுத்து அனுப்பினார்கள், ஆனால் மேல் சட்ஜத்துக்கு (மேல் ச) ஏறும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும், மறுநாள் காலையில் தொண்டை கம்மிப்போகும். பாடினால் அப்படித்தான் இருக்கும் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆடுதுறையில் சொல்லிக்கொடுக்கிற ஐயா நாகஸ்வரக் குடும்பம். நாகஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டை பக்கத்தில்தான், நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறையும் அந்த வழியில்தான். அந்த வட்டாரத்தில் சாதகம் (தினப் பயிற்சி) என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. முதல் நாள் தெரிந்ததைப் பாடச் சொன்னார், ஒரு பல்லவி பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஏம்மா, இது உன் சுருதி இல்லையே, யாரு வச்சுக் குடுத்தது?" என்றார். சுருதிப் பெட்டியை நாலரைக் கட்டைக்கு இறக்கி, ச மட்டும் பிடி என்றார். மூன்று வாரம் அதுதான் பாடம்: ச, ப, மேல் ச. எனக்கு அழுகையே வந்தது, ஒரு வருஷம் பாடியவளை இப்படி உட்கார வைக்கிறாரே என்று. இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு நாள் என் குரல் சுருதிக்குள் போய் உட்கார்ந்தது, பெட்டியின் சத்தம் எது, என் சத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்னால் நான் சுருதியோடு சேர்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சரளி வரிசை. மாயாமாளவகௌளையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான், ஆனால் ஏன் அந்த ராகம் என்று இதுவரை எனக்கு யாரும் காட்டியதில்லை. கீபோர்டில் பார்த்தால் ச-வுக்கு அடுத்த கட்டையே ரி, அங்கிருந்து க-வுக்கு மூன்று கட்டை தாவ வேண்டும். ப-வுக்கு மேலும் அதே கணக்கு, த பக்கத்தில், நி தூரத்தில். கிட்டத்தில் வைப்பதும் தாவுவதும் இரண்டுமே அந்த ஒரு ராகத்தில் பழகிவிடும். என் ரி எப்போதும் கொஞ்சம் மேலே போய் நிற்கும். ஐயா வாயால் திட்ட மாட்டார், தொடையில் தாளம் போடும் கையை அந்தரத்தில் நிறுத்திவிடுவார். கை நின்றால் ரி தப்பு. முதல் வரிசையில் மட்டும் அந்தக் கை எத்தனை தடவை நின்றிருக்கும் என்று எண்ணவே முடியாது. இப்போது வீட்டில் பாடும்போதும் ரி ஏறினால் அந்தக் கை எனக்குத் தெரிகிறது.

மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் பாட வேண்டும், அதில் மூன்றாம் காலம்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, முதல் காலம்தான். வேகமாகப் பாடும்போது ஸ்வரம் சரியாக நிற்காவிட்டாலும் தெரியாமல் ஓடிவிடும், விளம்பத்தில் (மெதுவாகப் பாடும்போது) ஒவ்வொன்றிலும் நின்றாக வேண்டும், குரல் நடுங்கினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சரளி, ஜண்டை, தாட்டு வரிசை, ஏழு அலங்காரம் என்று அடிப்படைப் பயிற்சி எல்லாம் முடிய எனக்கு பதினோரு மாதம் ஆனது. கீதம் ஆரம்பிக்கும்போது பழைய கழுத்து வலி போயிருந்தது, எப்போது போனதென்றே நான் கவனிக்கவில்லை.

அவர் கேட்பது தினம் நாற்பது நிமிஷம், காலையில், சுருதிப் பெட்டியோடு, முதலில் கீழ் ஸ்தாயியில் அகாரம், அதாவது 'ஆ' என்று மட்டும் இழுத்துப் பாடுவது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு அது முடிகிற காரியம்தான், ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். தீபாவளி சமயம் கடையில் இரவு பதினொன்று ஆகும், ஒரு வாரம் சாதகம் விட்டுப்போனது. விட்டதைப் பிடிக்க ஞாயிறு விடியற்காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கத்திவிட்டுப் போனேன். ச சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டார். "ஒரு வாரச் சோத்தை ஒரே நாள்ல திங்க முடியுமா? போய் வெந்நீர் குடிச்சிட்டுப் பேசாம இரு" என்று திருப்பி அனுப்பினார். சளி பிடித்தால் பாடவே கூடாது, மனசுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்.

குறைகளும் உண்டு. முகூர்த்த மாதங்களில் வகுப்பு திடீரென்று இருக்காது, போன் செய்தும் சொல்ல மாட்டார், இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். முதல் ஆறு மாதம் செல்போனில் பதிவு செய்ய விடமாட்டார், காதால் பிடி என்பார். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனால் வாரம் ஒரு நாள் வருகிறவர்களுக்கு அது ரொம்பச் சிரமம், இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். திண்ணையில்தான் வகுப்பு, மழைக்காலத்தில் கொசு பிய்த்துவிடும். ஆன்லைன் வகுப்பெல்லாம் கிடையாது.

மாதம் 600 ரூபாய். பிள்ளையைப் பள்ளி ஆண்டு விழாவில் பாட வைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் இங்கே வர வேண்டாம், ஒரு வருஷத்துக்கு வெளியில் பாடிக்காட்ட ஒன்றும் இருக்காது. என்னைப் போல வயதான பிறகு ஆரம்பிக்கிறவர்கள், வேறெங்கோ கற்றுத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள், தயங்காமல் போங்கள். நான் இப்போது மோகன ராக வர்ணத்தில் இருக்கிறேன், அதன் பிற்பாதியில் வரும் எத்துகடை ஸ்வரம் வரைக்கும் வந்தாயிற்று.

புதிதாகச் சேர்ப்பது விஜயதசமியன்று மட்டும்தான், காலையிலேயே போய்விடுங்கள். சேருவதற்கு முன்னால் ஒரு நல்ல சுருதிப் பெட்டி வாங்கிவிடுங்கள். செல்போன் செயலியே போதும் என்று முதலில் நானும் இருந்தேன், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கீழ் சட்ஜம் சரியாகவே கேட்காது.