சுயிகா நல்ல கார்டுதான், அடாமி வரைக்கும்

டோக்கியோவுக்கு வரப்போகும் நண்பர் ஒருவர், "ரயில் கட்டணத்துக்கான சுயிகா கார்டு வாங்கலாமா? இத்தனை வருஷமா வச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். தட்டினால் ரயில் நிலையத்தின் நுழைவுக் கதவு திறக்கும், கடையில் காசு கழியும், 20,000 யென் வரை பணம் போட்டு வைக்கலாம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் எனக்குப் பிடித்த ஒன்றையும், இன்றுவரை ஆறாத ஒரு ஆத்திரத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

பிடித்தது அதன் வேகம். காலை எட்டு மணிக்கு ஷின்ஜுகு நிலையத்தில் அவ்வளவு பெரிய கூட்டம் தேங்காமல் நகர்கிறது என்றால், கார்டும் கதவும் 0.2 நொடிக்குள் கணக்கை முடித்துக்கொள்வதுதான் காரணம். 2001 நவம்பரில் இது அறிமுகமானது. என் கார்டில் கட்டைவிரல் படும் மூலையில் பச்சை நிறம் போய் வெள்ளை தெரிகிறது. ஆனாலும் வேலையில் குறை வைத்ததில்லை. 2013 மார்ச் 23 முதல் நாட்டின் பத்து முக்கியக் கார்டுகள் ஒன்றின் பகுதியில் மற்றது செல்லும் என்று ஆக்கினார்கள். டோக்கியோவில் வாங்கிய கார்டைக் கொண்டுபோய் தெற்கே ஃபுகுவோகா நகரின் சுரங்க ரயிலில் தட்டி, கதவு சட்டென்று திறந்தபோது மனசார சந்தோஷப்பட்டேன்.

சரி, ஆத்திரத்துக்கு வருகிறேன். டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் டோக்காய்டோ ரயில் பாதையில், அடாமி என்ற ஊர் வரைக்கும் சுயிகாவை வெளியிடும் ஜே.ஆர். கிழக்கு ரயில் நிறுவனத்தின் ஆட்சி. அதற்கு மேல் ஜே.ஆர். டோக்காய் என்ற வேறு நிறுவனம். அடாமியை விட்டதும் ரயில் 1934-இல் திறந்த டன்னா சுரங்கத்துக்குள் நுழைந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. டோக்கியோ பக்கமிருந்து அங்குள்ள நுமாசு என்ற ஊர் வரை நேராகவே போகும் ரயில்களும் சில உண்டு; உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை. ஆனால் டோக்கியோவில் சுயிகாவைத் தட்டி ஏறியவர் நுமாசுவில் அதைத் தட்டி வெளியே வர முடியாது.

நுமாசு கதவு சுயிகாவை ஏற்காது என்பதல்ல. நுமாசுவில் ஏறி அதே பக்கத்தில் உள்ள மிஷிமாவில் இறங்கினால் அதே கார்டு தாராளமாகச் செல்லும். அடாமியில் வெளியே போய், மறுபடி தட்டி உள்ளே வந்தாலும் செல்லும். எல்லையைத் தாண்டிய ஒரே பயணமாக இருந்தால் மட்டும் கதவு மூடிக்கொள்ளும். பிறகு ஊழியரைத் தேடிப் போய், முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். கார்டில் 'உள்ளே நுழைந்தவர் இன்னும் வெளியேறவில்லை' என்ற பதிவு அப்படியே நிற்கும். அதை நீக்க ஒரு தாள் எழுதித் தருவார்கள். சுயிகா பகுதிக்குத் திரும்பியதும் அந்தத் தாளைக் காட்டி அழிக்கச் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கார்டால் இன்னொரு ரயில் ஏற முடியாது. பெட்டியும் குழந்தையுமாக வரும் குடும்பங்கள் இந்த வரிசையில் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அந்த ஊழியர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஜே.ஆர். கிழக்கு, 440 சீட்டு அலுவலகங்களை 140 ஆக்கப்போவதாக 2021-இல் அறிவித்தது. வரிசை நீண்டு எதிர்ப்பு வலுத்தபின் 2024 மே மாதம்தான் அதை நிறுத்தி வைத்தது. இயந்திரத்தை நம்பி ஆளைக் குறைக்கிறவர்கள், இயந்திரம் கைவிரிக்கும் இடத்தை முதலில் சரிசெய்திருக்க வேண்டும்.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்கிறேன். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு எவ்வளவு என்பதைக் கதவே 0.2 நொடிக்குள் கணக்கிட வேண்டும். நாடு முழுக்க உள்ள நிலையங்களைச் சேர்த்தால் கணக்கு பூதாகாரமாகும். 2021 மார்ச்சில் எல்லை தாண்டும் மாதாந்திர பாஸை மட்டும் கார்டில் கொண்டுவந்தார்கள். இரு நிலையங்களும் முன்பே தெரிந்துவிடுவதால் அது சுலபம். இதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2023 மே முதல், நாட்டின் வடகிழக்கே உள்ள வட தோஹோகு பகுதியில் கதவுக்குப் பதில் மையக் கணினி கட்டணம் கணக்கிடும் முறையை ஜே.ஆர். கிழக்கே தொடங்கிவிட்டது. தன் டோக்கியோ, செண்டாய், நீகாட்டா முதலிய பகுதிகளை 2027 வசந்த காலத்தில் ஒன்றாக இணைக்கவும் திட்டம் வைத்திருக்கிறது. தன் வீட்டுச் சுவர்களை இடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு கதவு வைக்கத் தெரியாதா?

1987-இல் தேசிய ரயில்வேயை ஆறு பயணி நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரித்த அரசு, பயணி அந்த ஆறுக்கும் நடுவே போகிறவன் என்பதை மறந்துவிட்டது. எனக்கு நிறுவனங்களைவிட போக்குவரத்து அமைச்சகத்தின் மீதுதான் கோபம். ஜே.ஆர். கிழக்கு 2026 மார்ச் 14 முதல் சராசரியாக 7.1 சதவீதம் கட்டணம் ஏற்றியது. வரி உயர்வை விட்டுவிட்டுப் பார்த்தால், பிரிந்ததிலிருந்து இதுதான் முதல் உயர்வு. அதற்கு ஒப்புதல் தந்தது அமைச்சகம். 'பக்கத்து நிறுவனத்தோடு பேசி எல்லையை எடுத்துவிட்டு வா' என்று அப்போதே ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். போடவில்லை.

தெற்கே உள்ள குமாமோட்டோவிலும் இதே அலட்சியம்தான். அங்கே ஐந்து பேருந்து, ரயில் நிறுவனங்கள் 2024 நவம்பர் 16-இல் இந்தப் பத்து கார்டுகளையும் ஏற்பதை நிறுத்திவிட்டன. பழைய கருவிகளை மாற்ற 121 கோடி யென். வங்கி அட்டையைத் தட்டும் முறைக்கு மாற 67 கோடி யென். நஷ்டத்தில் ஓடும் பேருந்துக்காரர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்? நாடு முழுக்க ஒரே கார்டு என்று பெருமை பேசிய அரசு, அதைக் காப்பாற்ற முன்வரவில்லை.

மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு மதிப்பெண் என்ன என்று கேட்டால், ஐந்துக்கு இரண்டு. நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவர்கள் நாலரை கூடத் தரலாம், தவறில்லை. எனக்கு இன்றைக்கு மனம் வரவில்லை.

நண்பருக்கு: டோக்கியோவுக்குள் சுற்ற கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிஷிமா, நுமாசு பக்கம் உள்ளூர் ரயிலில் போகும் நாளில் மட்டும், ஏறும் நிலையத்திலேயே இறங்கும் ஊர் வரைக்கும் காகிதச் சீட்டு எடுத்துவிடுங்கள். அன்றைக்கு நிலையக் கதவில் கார்டைத் தட்டவே வேண்டாம்.