டம்மி விரித்ததும் கை மடியில்: நாலு வருடப் பழக்கம் பற்றி

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் தங்கம் வாங்கினார்களே, ஒருத்தருக்கு 60 வயது, இன்னொருத்தருக்கு 56, அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். அதுவரை வீட்டில் ரம்மியும் கழுதையும்தான். ஏலம் ஓரளவு பிடிபட்டது. டிக்ளேரராக, அதாவது ஏலத்தை ஜெயித்து இரண்டு கையையும் ஆடுபவராக உட்கார்ந்தால்தான் சொதப்பல். பார்ட்னர் மேஜையில் திறந்து வைக்கும் சீட்டுகளான டம்மி விரிந்த மறுநொடியே சீட்டை இழுத்துவிடுவேன்.

மேற்கு மாம்பலத்திலிருந்து வரும் என் பார்ட்னர் மாமா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏம்ப்பா, டம்மி என்ன ஓடியா போயிடப் போறது? கையை மடியில வை, எண்ணு, அப்புறம் ஆடு" என்றார். அன்றிலிருந்து நாலு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

பலன் எங்கே என்றால், நோ ட்ரம்பில், அதாவது துருப்பே இல்லாத ஆட்டத்தில். போன மாதம் 3 நோ ட்ரம்ப், 9 ட்ரிக் (சீட்டுச் சுற்று) ஜெயிக்கவேண்டும். இடது பக்கத்துக்காரர் முதல் சீட்டாக இஸ்பேடு 6 லீட். டம்மியில் 7, 4. என்னிடம் ஏஸ், 5, 3. வலது பக்கத்துக்காரர் குயின் போட்டார். பழைய நானாக இருந்தால் ஏஸை அடித்திருப்பேன். எண்ணினேன்: இஸ்பேடில் ஒன்று, ஆட்டினில் இரண்டு, டைமனில் இரண்டு, ஆக ஐந்து. மீதி நாலும் டம்மியின் கிளாவரில்தான்: ஏஸ், குயின், ஜாக், 10, 2. என்னிடம் மூன்று பொடிச் சீட்டு, கிங் வெளியே. கிங் இடது பக்கம் இருக்கும் என்று நம்பி டம்மியின் குயினைப் போட்டுப் பார்ப்பதுதான் ஃபினெஸ். அது தோற்றால் ட்ரிக் வலது பக்கம்தான் போகும், இடது பக்கத்துக்குத் திருப்பிக்கொடுக்க அவர் கையில் அப்போது இஸ்பேடு இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கதை. எத்தனை முறை ஏஸைப் பிடித்துவைப்பது என்பதற்கு ஒரு கணக்கு: 7லிருந்து நம் இரண்டு கையிலும் சேர்த்து இருக்கும் இஸ்பேடு ஐந்தைக் கழித்தால் 2, அதனால் இரண்டு முறை விட்டுக்கொடுத்து மூன்றாவதில் ஏஸ். ஃபினெஸ் தோற்றது. அவரிடம் இஸ்பேடு தீர்ந்திருந்தது. ஒருவேளை 4-4 ஆகப் பிரிந்திருந்தாலும் நாலு ட்ரிக்தான் போயிருக்கும், ஆட்டம் வந்துவிடும். முதலிலேயே ஏஸை அடித்திருந்தால்? இஸ்பேடில் நாலு, கிளாவர் கிங், ஒன்று டௌன், அதாவது ஒரு ட்ரிக் குறைந்து தோல்வி.

துருப்பு ஆட்டத்தில் இவ்வளவு சுகம் இல்லை. அங்கே தோற்கும் ட்ரிக்கை எண்ணவேண்டும், உடனே எதிராளிகளின் துருப்பைப் பிடுங்கவா, டம்மியில் முதலில் வெட்டிக்கொள்ளவா என்று முடிவெடுக்கவேண்டும். எனக்கு இன்னும் பாதி நேரம் தப்பாகத்தான் போகிறது. விகிதங்களை மனப்பாடம் செய்தது உதவியது. ஒரு ஜாதியில் எதிராளிகள் இருவரிடமும் சேர்த்து ஐந்து சீட்டு இருந்தால் 3-2 எனப் பிரிவது 68 சதவீதம், ஆனால் ஆறு இருந்தால் 3-3 வெறும் 36தான், 4-2 தான் அதிகம், 48. இது தெரியாமல் எத்தனை வருடம் 3-3ஐ நம்பி மோசம் போனேன்!

குறைகளும் உண்டு. இரண்டு போர்டுக்கு (இரண்டு ஆட்டத்துக்கு) கிடைப்பதே 15 நிமிடம், அதில் நான் யோசிக்கும் நேரத்தை எதிராளிகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிக்காட்டுவார்கள். அப்புறம் ஒரே சீட்டுகளை எல்லா மேஜையும் ஆடி ஒப்பிடும் பேர்ஸ் போட்டியில் பத்திரமாக ஆடி 9 எடுத்தால் மற்ற மேஜைகள் 10 எடுத்திருக்கும், நமக்கு அடிமட்ட மதிப்பெண். அங்கே ஆட்டம் வருமா என்பதோடு எல்லாரும் என்ன எடுப்பார்கள் என்றும் எண்ணவேண்டியிருக்கிறது. இதை மாமா முதலில் சொல்லவே இல்லை.

இப்போதெல்லாம் டம்மியை விரித்துவிட்டு அவர் காபி எடுக்கப் போய்விடுகிறார். திரும்பி வந்தாலும் என் கை மடியில்தான் இருக்கும்.