டிரஸ்டை எழுதிய வக்கீலா, வேறு வக்கீலா?

அமெரிக்காவில் பெற்றோர் எழுதிவைத்த லிவிங் டிரஸ்டில் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை யார் நிர்வகிப்பது, யாருக்குப் போவது என்று எழுதும் ஏற்பாடு) ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் வருகிறது. யாரிடம் போவது?

செலவு: டிரஸ்டை எழுதிக் கொடுத்த வக்கீலிடம் பழைய கோப்பு இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். புதியவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம் ஏறும்.

யார் பக்கம்: என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். எழுதியவர் பெரும்பாலும் டிரஸ்டிக்கு, அதாவது டிரஸ்ட் சொத்தை நிர்வகிப்பவருக்கு, வக்கீலாகத் தொடர்வார். நீங்கள் பயனாளி (சொத்தில் பங்கு பெறுபவர்) என்றால் அவர் உங்கள் வக்கீல் இல்லை. ‘பிள்ளைகளுக்குச் சமமாக’ என்ற வரியில், இறந்துபோன மகனின் குழந்தைகளுக்கும் பங்கு உண்டா என்று தகராறு வந்தால், எழுதியவரையே சாட்சியாகக் கூப்பிடலாம். புதியவருக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

அவசரம்: கலிஃபோர்னியாவில் டிரஸ்டியின் சட்டப்படியான அறிவிப்பு வந்தபின் டிரஸ்டை எதிர்க்கப் பொதுவாக 120 நாள்தான். அந்த அறிவிப்பு கையில் இருந்தால் நேராகப் புதியவரிடமே போங்கள்.

நீங்கள் டிரஸ்டி, குடும்பத்தில் சண்டை இல்லை என்றால் எழுதியவரே போதும். பயனாளியாக இருந்து பங்கில் சந்தேகம் என்றால் தனி வக்கீல்தான் சரி. அந்த மாநிலத்தில் உரிமம் உண்டா, டிரஸ்ட் வழக்குகளை நீதிமன்றத்தில் நடத்தியிருக்கிறாரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.