5–25 நியூட்டன் மீற்றர் டோர்க் ரென்ச்: ஓராண்டுப் பாவனைக்குப் பின்

எனது 150 சிசி மோட்டார் சைக்கிளுக்கு நானே வீட்டு முற்றத்தில் ஒயில் மாற்றத் தொடங்கியது சிக்கனத்துக்காக அன்று. ஒரு கராஜில், ஒயில் வடிக்கும் நட்டை நீண்ட ஸ்பனர் போட்டு இறுக்கியதில் எஞ்சினின் அலுமினிய அடிப்பாகத்திலிருந்த புரி உரிந்துபோனது; அதைக் கடைந்து புதுப் புரி போட நான் கொடுத்த காசுக்கு நான்கு தடவை ஒயில் மாற்றியிருக்கலாம். அதன் பிறகுதான், நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் இந்த டோர்க் ரென்சை யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியிலுள்ள உதிரிப்பாகக் கடையொன்றில் வாங்கினேன். கால் அங்குலத் தலை கொண்ட இது, நாம் குறித்து வைத்த இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று கையில் தட்டும் வகையைச் சேர்ந்தது.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது கார்ச் சில்லு நட்டுகளுக்கான பெரிய ரென்ச். இறுக்கத்தை அளக்கும் அலகான நியூட்டன் மீற்றரில், அதன் அளவே 28 இல்தான் தொடங்கியது. எனது வண்டியின் கையேடு ஒயில் நட்டுக்குக் கேட்பதோ 2.0 கிலோகிராம் விசை மீற்றர், 9.8 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர். மோட்டார் சைக்கிளுக்கென்று வாங்குபவர்கள் சிறியதையே கேட்டு வாங்க வேண்டும்.

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, ஒயில் இளகியதும் சாதாரண ஸ்பனரால் நட்டைக் கழற்றினேன். கழற்றுவதற்கு டோர்க் ரென்சைப் பாவிக்கக் கூடாது. சொட்டு நின்ற பின், புது வொஷர் போட்டு, நட்டைக் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற்றி, ரென்சை 20 இல் பூட்டி மெதுவாக இழுத்தேன். எனது கை வழக்கமாக நிறுத்தும் இடத்துக்கு வெகு முன்னதாகவே அது தட்டிவிட்டது; இது போதாதோ என்று இன்னும் ஓர் இழுப்பு இழுக்க மனம் உந்தியது. இழுக்கவில்லை. மறுநாள் காலை, அடியில் விரித்திருந்த பழைய உதயன் பத்திரிகைத் தாளில் ஒரு பொட்டு ஒயில்கூட இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஈரத்தை உறிஞ்சும் டொட் 4 பிறேக் ஒயிலை, கடற்காற்று வீசும் நமது ஊரில் இரண்டு ஆண்டுக்கு மேல் விட்டுவைக்க நான் விரும்புவதில்லை. அதை மாற்றும்போது, பிறேக்கினுள் சிக்கிய காற்றை வெளியேற்றும் நட்டை 6 நியூட்டன் மீற்றருக்கு இறுக்க வேண்டும்; அளவின் அடிமட்டத்தில் இந்த ரென்சின் தட்டு மிக மெல்லியது. நல்லூர்த் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிக்கு நடுவே எனக்கு அது கேட்கவேயில்லை. தடித்த கையுறையைக் கழற்றிய பிறகுதான் விரல்களில் உணர முடிந்தது. இரண்டாவது, எண்கள் பொறிக்கப்படாமல் மையால் அச்சிடப்பட்டிருப்பதால் பெற்றோல் துணியால் துடைத்தபோது ‘15’ பாதி அழிந்துவிட்டது. இந்த விலைக்கு எண்களையாவது பொறித்திருக்கலாம்.

வேலை முடிந்ததும் உள்ளேயிருக்கும் சுருள் தளராதிருக்க, கைப்பிடியைத் திருப்பி 5 இல் விட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். சென்ற வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி, துருப்பிடித்த சில்லு நட்டொன்றைக் கழற்ற இதைக் கேட்டு வந்தான். அவனுக்கு ஸ்பனரைத்தான் கொடுத்தனுப்பினேன்.