ராமேஸ்வரம் லாட்ஜில் இரட்டை டிஹெச்சிபி சர்வர்: 3 வருட அனுபவம்

அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றுக்கு நான்தான் நெட்வொர்க் பார்க்கிறேன். ஒரு தை அமாவாசை விடிகாலையில் ரிசப்ஷன் தம்பி கூப்பிட்டான்: "அண்ணே, நேத்து வந்தவங்களுக்கு நெட் வருது, இப்ப வந்தவங்களுக்கு வைஃபையே பிடிக்கல." நெட்டில் சேரும் போனுக்கெல்லாம் ஐபி முகவரி (அடையாள எண்) கொடுப்பது டிஹெச்சிபி சர்வர். இருந்த ஒரே சர்வர் படுத்துவிட்டது. ஏற்கெனவே ஐபி முகவரி வாங்கிய போனுக்கு லீஸ், அதாவது அந்த முகவரிக்கான கெடு, முடிகிறவரை கவலையில்லை. புதிதாக வந்து இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

அப்புறம்தான் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் இரண்டு வாங்கி, கியா என்ற டிஹெச்சிபி மென்பொருளைப் போட்டேன். பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி மென்பொருளுக்குப் பராமரிப்பு 2022-லேயே நின்றுவிட்டது. 'ஹாட் ஸ்டாண்ட்பை' முறையில் ஒன்று முகவரி கொடுக்கும். மற்றது லீஸ் விவரங்களை உடனுக்குடன் வாங்கிவைத்துக் காத்திருக்கும்.

கூட்டமில்லாத ஒரு மதியம் முதல் சர்வரின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். பத்து நிமிடமாகியும் இரண்டாவது அசையவில்லை. முதல் சர்வரோடு 60 விநாடி தொடர்பில்லை என்றால் அதற்குச் சந்தேகம்தான் வரும். பதில் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்கிற கருவிகள் 10-ஐத் தாண்டினால்தான் பொறுப்பை எடுக்கும். பெரிய கல்லூரிக்கு இது சரி. காலியான லாட்ஜில் பத்துப் பேருக்கு எங்கே போவது? அந்த எண்ணிக்கையை 0 ஆக்கினேன். இதில் ஓர் ஆபத்து உண்டு: இரண்டுக்கும் நடுவே இணைப்பு மட்டும் அறுந்தால் இரண்டுமே தனித்தனியாக முகவரி கொடுக்க ஆரம்பிக்கும், ஒரே முகவரி இருவருக்குப் போகலாம். அதனால் இரண்டையும் ஒரே சுவிட்ச்சில் மாட்டி, உபரி சுவிட்ச் ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

என்னை அதிகம் படுத்தியது கடிகாரம்தான். பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. ஒருமுறை கரண்ட் போய் வந்தபோது நெட்டும் இல்லை. ஒரு பை பழைய நேரத்தோடு எழுந்தது. இரண்டுக்கும் 30 விநாடி வித்தியாசம் வந்தால் கியா எச்சரிக்கும், 60-ஐத் தாண்டினால் கூட்டணியையே முறித்துக்கொள்ளும். முதல் சர்வர் வழக்கம்போல் முகவரி கொடுத்துக்கொண்டே இருந்ததால் துணை இல்லை என்பதே இரண்டு வாரம் எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஓர் அமாவாசையும் வந்து போனது. நினைத்தால் இன்னும் பதறுகிறது. இப்போது இரண்டிலும் நாணய பேட்டரியோடு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு இருக்கிறது. மணிக்கொருமுறை இரண்டின் நிலையையும் கேட்டு, மாறியிருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் ஸ்கிரிப்ட்டும் ஓடுகிறது. இரட்டை சர்வர் வைக்கிறவர்கள் இந்த ஸ்கிரிப்ட்டை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

உப்புக் காற்றில் கேபிள் முனைகள் களிம்பேறிவிடும். வருடம் ஒருமுறை மாற்றுகிறேன்.

போன ஆடி அமாவாசைக்கு முதல் சர்வரின் மெமரி கார்டு போய்விட்டது. செய்தி வந்தபோது மணி நாலு. தம்பியிடமிருந்து போன் வரவில்லை. கூட்டம் கலைந்தபிறகு மதியம் போய் கார்டை மாற்றினேன்.