மிதப்பு விசைக் கணக்கு: அழுத்த வேறுபாடா, ஆர்க்கிமிடீஸ் விதியா?

நீரில் மூழ்கிய பொருளின் மிதப்பு விசையைக் காண இரண்டு வழிகள் உண்டு. பொருளின் மேல்முகத்தையும் அடிமுகத்தையும் நீர் அழுத்தும் விசைகளைத் தனித்தனியே கண்டு கழிப்பது ஒன்று. பொருள் விலக்கிய நீரின் எடையே மிதப்பு விசை என்னும் ஆர்க்கிமிடீஸ் விதியை நேராகப் பயன்படுத்துவது மற்றொன்று.

பக்கம் 10 செ.மீ. உள்ள அலுமினியக் கனசதுரம் ஒன்று, மேல்முகம் நீர்மட்டத்திலிருந்து 20 செ.மீ. ஆழத்தில் இருக்குமாறு நூலில் தொங்குவதாகக் கொள்வோம். மேல்முகத்தில் நீரின் அழுத்தம் 1960 பாஸ்கல், பரப்பு 0.01 ச.மீ. என்பதால் கீழ்நோக்கி 19.6 நியூட்டனும், 30 செ.மீ. ஆழத்திலுள்ள அடிமுகத்தில் மேல்நோக்கி 29.4 நியூட்டனும் செயல்பட, எஞ்சுவது 9.8 நியூட்டன். ஆர்க்கிமிடீஸ் வழியிலோ, விலக்கப்பட்ட ஒரு லிட்டர் நீரின் எடை 9.8 நியூட்டன் என ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கூழாங்கல் போன்ற ஒழுங்கற்ற வடிவங்களுக்கு இந்த வழிதான் கைகொடுக்கும். முதல் வழியில் இறங்கினால், பரப்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி விசைகளைக் கூட்டும் தொகையீடு வரை போக வேண்டியிருக்கும். ஆயினும், முழுதும் மூழ்கிய பிறகு ஆழம் கூடினாலும் மிதப்பு விசை ஏன் கூடுவதில்லை என்பதைக் கண்முன் காட்டுவது முதல் வழியே.

எந்த வழியில் போனாலும், பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் விசைப்படம் வரையாமல் நூலின் இழுவிசைக்குப் போகக் கூடாது. அலுமினியத்தின் எடை 26.46 நியூட்டன், மிதப்பு விசை போக இழுவிசை 16.66. அதே அளவுள்ள, அடர்த்தி 600 கி.கி./க.மீ. கொண்ட மரக்கட்டையைத் தொட்டியின் அடித்தளத்தோடு கட்டினால் நூல் கீழ்நோக்கி இழுக்கும். எடையிலிருந்து மிதப்பு விசையைக் கழிக்கும் மனப்பாடச் சூத்திரம் −3.92 என்று விடை தர, மாணவர் குறியைக் கண்டு திகைப்பார்.

ஆர்க்கிமிடீஸ் விதி சறுக்கும் இடம் தண்ணீர்த் தொட்டியின் அடைப்பான். அதன் அடியில் நீர் இல்லை, காற்றுள்ள திறந்த குழாய்தான் இருக்கிறது. ஆகவே மேலே தள்ள நீரழுத்தம் கிடையாது. ஓட்டையில் மட்டமாகப் பொருந்திய 20 ச.செ.மீ. அடைப்பானின் மேல் அரை மீட்டர் நீர் நின்றால் 9.8 நியூட்டன் விசை அதைக் கீழேதான் அழுத்தும். தக்கையால் செய்திருந்தாலும் அது தானாக மேலெழாது. ஏறத்தாழ ஒரு கிலோ கல்லைத் தூக்கும் அளவுக்கேனும் இழுத்தால்தான் கழன்று வரும்.